தொடாமல் கூட்டிக்கொண்டு போனவர்

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வருகிறது. பேரைச் சொல்லமாட்டேன். பேரன் பேத்தி எடுத்த பிள்ளைகள் அவருக்கு இன்னும் ராயபுரத்திலேயே இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், அம்மாவைக் கொண்டு பிறந்தவர்கள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. குமட்டல் எல்லாம் அந்த ஒருவர் மேல்தான்.

குடிகாரரா என்றால் இல்லை. கள்ளுக்கடை இருந்த திக்கில் தலை வைத்துப் படுத்ததில்லை. பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தவரும் இல்லை. கை நீண்டால்தானே அடிக்க! அந்தக் கை அடிக்கவும் நீளாது, அணைக்கவும் நீளாது. அதுதான் அவரிடம் விஷயம்.

அப்போது நாங்கள் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே வாசல், உள்ளே ஐந்து குடித்தனம். வாசலை ஒட்டின முன்கட்டு அவருடையது. கிணற்றடியை ஒட்டின அறை எங்களுடையது. எம்டன் கப்பல் குண்டு போட்டதில் ஊரை விட்டு ஓடினவர்கள் இன்னும் முழுக்கத் திரும்பவில்லை, அதனால் வீடு சுலபமாகக் கிடைத்தது. வீட்டோடு சேர்த்து இந்த மனிதரும் கிடைத்தார், என் போதாத காலம்.

துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா அவர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, தோளில் மடிப்புக் கலையாத வெள்ளை அங்கவஸ்திரம். கையில் ஒரு கறுப்புக் குடை, பிரம்புப் பிடி வளைந்து கொக்கி மாதிரி இருக்கும். மழையிலோ வெயிலிலோ அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததேயில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் கதவைக் கையால் தட்டமாட்டார், குடை நுனியால் தட்டுவார். அவர் பெண்சாதி சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்து வாசலிலேயே கையில் ஊற்றவேண்டும். கார்பாலிக் சோப்பு. ஒரு தரம் போட்டு அலம்புவார், மோந்து பார்ப்பார், மறுபடி போடுவார். அந்தச் சோப்பு நாற்றம் கிணற்றடி வரைக்கும் வந்து என் சோற்றுப் பானையில் இறங்கும்.

ராயபுரத்தில் இருந்துகொண்டு இந்தச் சுத்தம்! ஒரு பக்கம் கருவாடு காயும், இன்னொரு பக்கம் தோல் மண்டியில் உப்புப் போட்ட பச்சைத் தோல் அழுகும். ரயில் கரி காற்றில் பறந்து வந்து உலர்த்தின துணியில் உட்காரும். இதற்கு நடுவில் இவர் ஒருத்தர் மட்டும் நேரே வைகுண்டத்திலிருந்து இறங்கி வந்தமாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு நடப்பார். அவர் வாயில் சதா ஒரே வார்த்தை, கலீஜ். கதவு கலீஜ், காற்று கலீஜ், காய்கறி கலீஜ். பெற்ற பிள்ளைகளும் கலீஜ்தான்.

அந்தக் குடை எதற்கு என்று எனக்குக் குடிவந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று. அவருக்கு நீரிழிவு. தினமும் சாயங்காலம் ஒரு நடை நடந்தே தீரவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "சும்மாதான நடக்கப் போறீங்க, கொயந்தயக் கூட்டினு போங்க, நான் ஒல வைக்கிறேன்" என்று பெண்சாதி கடைக்குட்டிப் பையனை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். பையனுக்கு இரண்டு வயது இருக்கும். மேலே ஒரு சட்டை, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, கீழே ஒன்றுமில்லை. அவர் குடையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, வளைந்த பிடியைப் பையன் முதுகுப் பக்கமாகக் கொடுத்து அரைஞாண் கயிற்றில் மாட்டினார். மாட்டி ஒரு இழு இழுத்துப் பார்த்தார். "நட" என்றார். பையன் முன்னால், அவர் பின்னால், நடுவில் குடை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா, அதாவது அவர் பெண்சாதி, அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"அவுருக்குக் கையில பிசுக்கு ஒட்டினா தாங்காது தங்கச்சி. கொயந்த கைன்னா பிசுக்கு இல்லாம இருக்குமா? நாலையும் இப்டித்தான் நடத்தினு போனாரு."

"நாலையுமா? ஒண்ணக்கூட கையப் புடிச்சிக் கூட்டினு போனதில்லயா?"

அக்கா பதில் சொல்லாமல் அரிசி களையப் போய்விட்டாள். அவள் பதில் சொல்லாமல் போன இடங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் இந்த மனிதரை நான் புரிந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கே மனது உறுத்தும். வீதியில் குழந்தையைப் பத்திரமாகக் கூட்டிப்போகிற விஷயத்தில் அவரைப்போல விவரமானவரை நான் பார்த்ததில்லை. குழந்தையை எப்போதும் சுவர்ப் பக்கம் விட்டு, தாம் வண்டி வருகிற பக்கம் நடப்பார். ஜட்கா நின்றால் குதிரையின் பின்னங்காலுக்கு எட்டாமல் வளைந்து போவார். மூடியில்லாத கிணறு எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகிற தண்டவாளம் எங்கள் வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், அங்கே ஒரு கேட்டு உண்டு. கேட்டு திறந்திருந்தாலும் அவர் உடனே கடக்கமாட்டார். தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் "நட" என்பார். குழந்தை இடது பக்கம் ஓடினால் குடையை ஒரு திருகு திருகுவார், வலது பக்கம் திரும்பிவிடும். உட்கார்ந்துகொண்டு அடம் பிடித்தால் குடையை லேசாகத் தூக்குவார், குழந்தை கால் விரலில் நிற்கும். வீட்டுக்கு வந்தபிறகு இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். அக்கா அதில் தேங்காயெண்ணெய் தடவுவாள்.

"நாலு புள்ளைங்க. ஒருத்தனுக்காவது ஒரு கீறல் கீதா?" என்று அவர் தெருவில் நின்று பேசுவார். "கையப் புடிச்சிக் கூட்டினு போனவன் புள்ளைங்கதான் வண்டியில மாட்டுதுங்க. கை வயுக்கும். கயிறு வயுக்காது."

வாய்க்கு வாய் இதைச் சொல்லுவார். கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். எதிர்ச் சந்து ஆசாமி ஒருவர் இவரைப் பார்த்துத் தம் பிள்ளைக்கும் குடை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருடைய பெண்சாதி துடைப்பத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள், அந்த ஊர்வலம் ஒரே நாளோடு நின்றது. அந்த அம்மாள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அக்கா ஒருநாள் தானாகவே சொன்ன ஒரு சங்கதி உண்டு. நான் கேட்கவில்லை. முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்து, ஜன்னி கண்டு, மூன்று மாதத்தில் போய்விட்டதாம். பச்சைக் குழந்தைக்குப் பாடை ஏது, தகப்பன் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைக்கவேண்டியதுதானே. துணியில் சுற்றி அவர் முன்னால் நீட்டினார்களாம். அவர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாராம். அக்காவின் தம்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இவர் பின்னாலேயே நடந்தாராம், குடையோடு.

"அளுதாரா?" என்று கேட்டேன்.

"அளுதாரு. நெறய அளுதாரு" என்றாள் அக்கா. "கண்ணத் தொடைக்கக்கூட கைக்குட்டதான்."

அடுத்த வருஷம் எனக்கு அஞ்சலை பிறந்தாள். அவளுக்கு நாலு மாதம் ஆனபோது என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். நான் வேர்க்கடலைக் கிடங்கில் வேலைக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற கடலையைச் சலித்து, சொத்தைக் கொட்டையைப் பொறுக்குகிற வேலை. கிடங்கில் கைக்குழந்தைக்கு இடம் கிடையாது, மேஸ்திரி விரட்டுவான். "இங்க வுட்டுட்டுப் போ, என் நாலோட அஞ்சாவதா கெடக்கட்டும்" என்று அக்கா தானாக வந்து வாங்கிக்கொண்டாள். அந்த மகராசி இல்லையென்றால் நானும் குழந்தையும் என்ன ஆகியிருப்போமோ.

அஞ்சலை நடக்கப் பழகினதும் குடைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கடைக்குட்டிப் பையன் கொக்கியை உதறிவிட்டு ஓடுகிற வயசுக்கு வந்துவிட்டான். இனி அஞ்சலை முறை. நான் கிடங்கிலிருந்து திரும்புகிற நேரமும் அவர் நடைக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்றுதான். பல நாள் வீதியிலேயே என் மகளை எதிரில் பார்ப்பேன், இடுப்பில் கொக்கியோடு, தலையை ஆட்டி ஆட்டி வருவாள். பின்னால் இவர்.

அப்போதுதான் அருகிலிருந்து பார்த்தேன், தூ! குழந்தை மூக்கு ஒழுகினால் இவர் துடைக்கமாட்டார். நின்றுவிடுவார். வழியில் போகிற யாரோ ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு, "எம்மா, இந்தக் கொயந்த மூக்கக் கொஞ்சம் சிந்தி வுட்டுட்டுப் போ" என்பார். முன்பின் தெரியாதவள் குனிந்து, சிந்தி, தன் முந்தானையில் துடைத்துவிட்டுப் போவாள். இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பார். குழந்தை விழுந்தால் தூக்கமாட்டார், தானாக எழுந்திருக்கிறவரைக்கும் குடையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நடுவீதியில் அஞ்சலை உட்கார்ந்து வெளிக்கிருந்துவிட்டாள். குடையை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப்போய், யார் வீட்டுக் குழந்தையோ என்கிறமாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரில் வந்த நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினேன். "கலீஜ், கலீஜ்" என்றார் தூரத்திலிருந்தே. எனக்கு வாய்வரை வந்தது, விழுங்கினேன். அக்கா முகத்துக்காக விழுங்கினேன்.

ஒரே ஒரு தரம் கேட்டேன். "மாமா, மத்த எடத்துல எப்டியோ போவட்டும். அந்த ரயிலு கேட்டாண்ட மட்டும் கொயந்த கையப் புடிச்சிக்குங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் அஞ்சலையின் கையைப் பார்த்தார். வெல்லம் தின்ற கை. எச்சிலும் மண்ணும் சேர்ந்து விரலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை கை வேறு எப்படி இருக்கும்?

"இன்னாத்துக்கு?" என்றார். "கயிறு கீதுல்ல?"

அடுத்தாற்போல் அஞ்சலைக்கு அம்மை போட்டது. உடம்பு முழுக்க முத்து. நான் வேலையை விட்டுவிட்டு வேப்பிலையும் கையுமாகப் பக்கத்தில் கிடந்தேன். ஆத்தா இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றினோம். அம்மை இறங்கினதும் பழைய அரைஞாண் கயிற்றை அறுத்துக் கடலில் போட்டுவிட்டு, மஞ்சளில் நனைத்த நூலை இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். ஆத்தாளுக்கு என்று கட்டுகிற நூல் அது. ஆடி வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினபிறகுதான் அதை எடுத்துவிட்டு மறுபடி கறுப்புக் கயிறு. வெறும் தறி நூல், நாலு இழை. பிள்ளை சேட்டை பண்ணி இழுத்தாலே அறுந்துவிடும், அறுந்தால் வேறு கட்டுவோம்.

மறுபடி வேலைக்குப் போன அன்று காலையில் அக்காவிடமும் சொன்னேன், முன்கட்டு வாசலில் அவரிடமும் நேராகவே சொன்னேன்.

"மாமா, ஆடி வர்ற வரைக்கும் இவள வெளிய கூட்டினு போவாதீங்க. இது ஆத்தா நூலு. குடை மாட்டினா தாங்காது."

அவர் குழந்தையை ஏற இறங்கப் பார்த்தார். கன்னத்தில், கையில், கழுத்தில் எல்லாம் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நான் இன்னாத்துக்குக் கூட்டினு போவப் போறேன்?" என்றார்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் குழந்தை வாசலைக் காட்டிக் காட்டி அழுதிருக்கிறது. இத்தனை நாள் உள்ளேயே அடைந்து கிடந்த பிள்ளை, அந்த நேரத்துக்கு வெளியே போய்ப் பழகின பிள்ளை. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துடுங்க, பாவம், காத்து படட்டும். கையப் புடிச்சிக்குங்க" என்று அனுப்பியிருக்கிறாள். அவர் சரியென்றுதான் கிளம்பியிருக்கிறார். சந்தைத் தாண்டினதும் குடையைத் திருப்பிக்கொண்டார்.

நான் கிடங்கிலிருந்து நாலைந்து பெண்களோடு வந்துகொண்டிருந்தேன். கேட்டு சாத்தியிருந்தது. நாங்கள் துறைமுகப் பக்கம் கேட்டுக் கம்பியோரம் நின்றோம். எங்கள் பக்கமே தோல் ஏற்றின ஒரு கட்டை வண்டியும் நின்றது. சரக்குப் பெட்டிகளை என்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. அப்படித் தள்ளும்போது முன்னால் வருகிற பெட்டிக்குச் சத்தமே இருக்காது, அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வரும். எதிர்ப் பக்கம் பார்த்தேன். தமது வழக்கப்படி கேட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றிருந்தார் அவர். முன்னால் அஞ்சலை.

அவளும் என்னைப் பார்த்தாள். "ம்மா" என்றாள். ஓடி வந்தாள்.

நூல் அறுந்தது அவருக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவரும் ஓடி வந்தார், அதை மறைக்கமாட்டேன். கம்பிக்கு அடியில் குழந்தை நுழைந்துவிட்டது, இவர் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். ஒரே கை தூரம். எட்டிச் சட்டையைப் பிடித்திருந்தால் முடிந்தது. அவர் குடையை நீட்டினார். வளைந்த பிடியை என் மகள் முதுகில் வைத்து, அங்கே இல்லாத கயிற்றைத் தேடித் தேடித் துழாவினார். ஒரு தரம். இன்னொரு தரம். இடது கை சும்மாதான் இருந்தது. அதில் கைக்குட்டை இருந்தது. குடைப்பிடி முதுகில் இடித்ததில் குழந்தை நிலைதடுமாறி, தண்டவாளத்துக்கு நடுவில் கட்டை மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது.

நான் கத்தினதும் கம்பியில் ஏறினதும் எனக்கு நினைவில்லை, கூட இருந்தவர்கள் சொன்னதுதான். எனக்கு முன்னால் தோல் வண்டிக்காரன் குதித்து ஓடினான். அவ்வளவுதான் பார்த்தேன். பெட்டி குறுக்கே வந்துவிட்டது. அப்புறம் சக்கரம், சக்கரம், சக்கரம். கீழே குனிந்து பார்க்கப் போன என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சக்கரங்கள் முடியவே இல்லை. இந்த வயசிலும் ரயிலில் போகிறபோது வேறு ரயில் குறுக்கே போனால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

என்ஜினும் கடந்தது. எதிர்ப் பக்கத்தில் தோல் வண்டிக்காரன் நின்றிருந்தான். அவன் தோளில் அஞ்சலை. உப்பும் ரத்தமும் காய்ந்த கையால் அவள் தலையைத் தடவித் தடவி, "ஒண்ணியும் இல்ல கண்ணு, ஒண்ணியும் இல்ல கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இவர், கைக்குட்டையால் குடைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடியில் மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அதை விரலால் எடுக்காமல் கைக்குட்டையால் உருவி உருவி எடுத்தார்.

நான் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் என்னிடம் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"மொதல்ல இத்த வூட்டுக்குத் தூக்கினு போயி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு. தோல் மண்டிக்காரன் தொட்டுட்டான்."

வண்டிக்காரன் காதில் விழுந்தது. அவன் தன் இரண்டு கையையும் பார்த்தான். பிறகு மாட்டுப் பக்கம் போய்விட்டான். அவனுக்கு ஒரு கும்பிடு போடக்கூட எனக்குத் தோன்றவில்லை, அத்தனை ஆத்திரம் இந்த மனிதர் மேல். அஞ்சலைக்கு அழுது அழுது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் தோளில் கிடந்த வெள்ளை அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்து, அந்த மூக்கை அதில் நன்றாகச் சிந்தினேன். கன்னத்துப் பொருக்கையும் அதிலேயே துடைத்தேன். துடைத்துத் திரும்ப அவர் தோளிலேயே போட்டேன்.

கூட வந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் முகம் வெளிறிப்போயிற்று. ரயில் வந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. தோளை ஒரு சாய் சாய்த்து அங்கவஸ்திரத்தை வீதியிலேயே நழுவ விட்டுவிட்டு நடந்தார். அக்காதான் பிறகு வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள், துவைத்தாள், எங்கள் அறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் அனுப்பினேன் தங்கச்சி, என்ன நாலு அட்றி" என்றாள். அவளை நான் எதற்கு அடிக்க? இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். இவர் முன்கட்டில் கை அலம்பிக்கொண்டிருந்தார், சோப்பு நாற்றம் வந்துகொண்டிருந்தது.

அந்த மாதமே வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் போய்விட்டேன். அங்கே என் பெரியம்மா மகள் பார்த்துக்கொண்டாள். அக்கா எப்போதாவது கோயிலில் தட்டுப்படுவாள். இவர் இன்னும் நடக்கிறார் என்பாள், இப்போது பேரப்பிள்ளைகளை நடத்துகிறார் என்பாள். எந்தப் பேரனுக்கும் ஒரு கீறல் இல்லை என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாராம். கயிறு மட்டும் இப்போது அவரே பார்த்துப் பார்த்து வாங்குகிறாராம், மீன்பிடி வலைக்குப் போடுகிற கயிறு. கேட்டதும் அன்று முழுக்க எனக்கு நாக்கில் கசந்தது.

அக்கா கண்ணை மூடின பிறகு அவரை ஒரே ஒரு தரம் பார்த்தேன். அஞ்சலைக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தோம். வண்ணாரப்பேட்டைக்குப் போய்ச் சேலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். வழியில் பலாச்சுளை விற்றார்கள், வாங்கித் தின்றுகொண்டே நடந்தாள். அதே கேட்டு. திறந்துதான் இருந்தது. ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கேட்டுக்குத் தள்ளி, பழைய இடத்தில், தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டு ஒருவர் நின்றார். கோட்டு தொங்கியது. கண் இரண்டும் பால் ஊற்றினமாதிரி வெளுத்திருந்தது. நீரிழிவு கண்ணைத் தின்றுவிட்டது. குடையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த பிடியைப் போகிறவர்கள் பக்கம் நீட்டினார்.

"யாராச்சும் இத்தப் புடிச்சி அந்தாண்ட வுடுங்கப்பா" என்றார்.

ஒருவரும் நிற்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் அஞ்சலையைக் காணோம். அவர் முன்னால் நிற்கிறாள்! அந்தக் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து என் வாயால் கேட்டு வளர்ந்தவள்தான். குடைப்பிடியைப் பார்த்தாள். அதை மெதுவாக ஒதுக்கிவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கை பிசுபிசுன்னு கீது" என்றார்.

"பலாச்சொள தின்னேன் தாத்தா" என்று சொல்லி மறுபடி பிடித்தாள். இந்தத் தரம் விடவில்லை. "வாங்க, ரயிலு இல்ல."

இருவரும் தண்டவாளத்தைக் கடந்தார்கள். நான் சேலைப் பொட்டலத்தோடு பின்னால் நடந்தேன். அந்தப் பக்கம் போனதும் அவள் கையை எடுக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கல்மண்டபம் வரைக்கும், சந்து வரைக்கும், வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். "யாரு பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். "இந்தப் பக்கத்துப் பொண்ணுதான்" என்றாள் என் மகள். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. கையை விட்டபிறகு கைக்குட்டையை எடுப்பார் என்று நான் அங்கேயே நின்று பார்த்தேன். எடுக்கவில்லை. விரலை விரித்தபடி அப்படியே கதவுக்குள் போனார்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. எந்தக் கை நீளாமல் இவள் செத்திருப்பாளோ, அந்தக் கை! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொம்பில் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"மொதல்ல கையக் கழுவு" என்றேன். "கலீஜு புடிச்ச மனுசன்."

அஞ்சலை சொம்பைப் பார்த்தாள், சோப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். பசிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காலையில் வைத்த சோற்றில் மீன் குழம்பை ஊற்றி, அந்தக் கையாலேயே பிசைந்தாள். சின்னப் பிள்ளையில் நான் அவளுக்கு உருட்டிக் கொடுத்தமாதிரி ஒரு உருண்டை உருட்டி, "ஆ சொல்லும்மா" என்று என் பக்கம் நீட்டினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.